ஈப்போவுல முழிச்சிருந்தது யாரு?

வா அப்பு, உக்காரு. மொகத்துல என்ன இம்புட்டு வெளிச்சம்? ஓகோ, பல்கலைக்கழகத்துலேருந்து கடுதாசி! நம்ம செட்டிநாட்டு வீடுகளப் பத்தி நீ நடத்துற வலைத்தளத்துக்கு யாரு யாரு வந்து போறாகன்னு கணக்குக் கேட்டிருக்காக. மரபுச் சுற்றுலா ஆராய்ச்சியாம். ஐயாவும் மொத்தக் கோப்பையும் அப்படியே அள்ளி அனுப்பப் போறீகளாக்கும். தாராளப் பிரபு! வெத்தலைக்குச் சில்லறை கேட்டா மட்டும் பாக்கெட்டு ஓட்டையாயிரும்.

குடு, வேணாங்கல. கேக்குறதுலயும் நாயம் இருக்கு. எழுபத்துச் சொச்சம் ஊரு கெடக்கு. வர்ற வேனெல்லாம் கானாடுகாத்தான்ல நிக்குது, ஆத்தங்குடியில கண்ணாடி மேல சாயம் ஊத்திக் கல்லுப் போடுறதப் படம் புடிக்குது, காரைக்குடியில சாப்பிட்டுட்டுக் கெளம்பிருது. மத்த ஊரு வீடுகள்ல வௌவால்தான் விருந்தாளி. 2014-ல யுனெஸ்கோ உத்தேசப் பட்டியல்ல பேரு ஏறுச்சு, ஏறுன பேரு அங்கேயே சம்மணம் போட்டு உக்காந்திருக்கு. எந்த ஊரப் பத்தி, எந்த மாசத்துல, எந்த நாட்டுக்காரன் வாசிக்கிறான்னு தெரிஞ்சாத்தானே எங்க கக்கூசு கட்டுறது, எங்க பஸ்ஸு விடுறதுன்னு முடிவு பண்ண முடியும்? அதுக்கு ஒரு தாளு போதும். உன் மூட்டையில வேற என்னென்னமோ இருக்காமே.

ஒரு வரி வாசி பாப்போம். ஐபி எண்ணு, தேதி, மணி, நிமிசம், எந்தப் பக்கத்துலேருந்து எந்தப் பக்கம் போனாக, கையில என்ன போனு... சரி. அந்த வரி என்ன? ராத்திரி 11 மணி, மலேசியா, ஈப்போ. மொதல்ல நம்ம தெருக் கோடி வீட்டுப் படம். அடுத்தாப்புல பர்மா தேக்குத் தூணு என்ன விலை போகும்னு நீ எழுதுனது. அப்புறம் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவுல இருக்குற பழம்பொருள் கடைகளப் பத்தினது. மறுபடியும் வீட்டுப் படம். இங்க 11-ன்னா அங்க ஒன்றரை.

பேரு இல்லையேங்குறே. பேரு எதுக்கு? ஈப்போவுல பங்காளி இருக்குற வீடு நம்ம தெருவுல எது? பாரு, நீயே சிரிக்கிறே. அந்த வீட்டுச் சாவி என் இடுப்புலதான் தொங்குது. பதினெட்டுப் பங்கு அதுக்கு. ஒருத்தரு தூக்கம் முழிச்சுத் தூணுக்கு விலை பாத்தாருன்னு மத்த பதினேழு பேரு காதுல விழட்டும், அடுத்த படைப்புக்குக் கோர்ட்டு வாசல்லதான் எலை போடணும். மனுசன் விக்கப் பாத்தாரோ, உளுத்த தூணுக்குப் பதிலு வாங்கப் பாத்தாரோ, யாரு கண்டா?

2006-ல அமெரிக்காவுல ஏஓஎல் கம்பெனி இந்தக் கூத்தப் பண்ணுச்சுன்னு நீதானே சொன்னே. ஆராய்ச்சிக்குன்னு ஆறரை லட்சம் பேரு 3 மாசமாத் தேடுனதையெல்லாம் வெளிய விட்டான், பேருக்குப் பதிலா நம்பரு போட்டு. வெரலு மரத்துப் போறதப் பத்தியும், கண்ட எடத்துல ஒண்ணுக்குப் போற நாயப் பத்தியும் தேடுன ஒரு அம்மாவப் பத்திரிகைக்காரன் சில நாள்லயே கண்டுபுடிச்சுட்டான். மருந்து கேட்டவளுக்கு வாசல்ல பத்திரிகை!

அதனால ஐபி எண்ண அடியோட எடுத்துரு. கடைசித் துண்ட மட்டும் வெட்டுனாப் போதும்பான். நாடு எதுன்னு தெரிஞ்சப்புறம் மிச்சம் எதுக்கு, ஊறுகாய் போடவா? மணி வேணாம், மாசம் போடு. ஈப்போவ மலேசியாவாக்கிரு. அட்டவணையில ஒரு கட்டத்துல 10 பேருக்குக் கீழ வந்தா '10-க்குள்ள'ன்னு எழுது. அதுலயும் ஒரு சூட்சுமம் இருக்கு: ஒரே ஒரு கட்டத்த மறைச்சுட்டுக் கீழ மொத்தத்தப் போட்டு வச்சேன்னா, கழிச்சுப் பாத்துப் புட்டுப் புட்டு வச்சிருவான். ரெண்டா மறை.

அப்ப சின்ன ஊரெல்லாம் கணக்குலேருந்தே காணாமப் போயிருமேங்குற பாரு, இப்பத்தான் என் பேரன் மாதிரிப் பேசுறே. அந்த ஊருகளுக்கு மட்டும் மாசத்த விட்டு வருசமாச் சேத்துக் குடு. நான் வீடு சுத்திக் காட்டுறப்ப என் நோட்டுல ஊரும் தலைக்கணக்கும்தான் எழுதுறேன். மார்கழி தையில கூட்டம், சித்திரையில நானும் பூனையும்னு அதுலயே தெரியுது. நிலத் தரகரு ஒருத்தரு வந்தவுக போன் நம்பரு கேட்டாரு. பூனையோடத வேணும்னா வாங்கித் தாரேன்னேன்.

2023-ல டெல்லியில போட்ட தரவுச் சட்டத்துல ஆராய்ச்சிக்கு விலக்கு உண்டாம், ஆனா அத வச்சுத் தனி ஆளு மேல முடிவு எடுக்கக் கூடாதாம். காபந்து பண்ணாமக் கோட்டை விட்டா அபராதம் 250 கோடி வரைக்கும் போகுமாம். பயப்படாத, உன் சைக்கிள வித்துக் கட்டிரலாம்.

அது சரி, பல்கலைக்கழகம் கேட்டது நேத்து. நீ எதுக்கு வருசக்கணக்கா மணி நிமிசத்தோட சேத்து வச்சிருக்கே? கோயம்புத்தூர்லேருந்து தெனம் ராத்திரி ஒம்பதுக்கு ஒரு ஆளு வந்து வாசிச்சுட்டுப் போகுதுன்னு உங்க அப்பத்தாகிட்ட இளிச்சுக்கிட்டே சொன்னியாமே. உன் அயித்த மக எனக்கும் பேத்திதான்டா. நீ எட்டிப் பாக்குறது அந்தப் புள்ளைக்குத் தெரியுமா?