பத்து அங்குலப் புல்லும் முப்பதாயிரம் டாலர் வில்லங்கமும்

பெறுநர்: ஃப்ளோரிடா மாநில நகரங்களின் விதி அமலாக்க வாரியங்கள்
பொருள்: தனியார் மனைகள் மீது ஏற்றப்படும் நகர வில்லங்கம் – பாராட்டும் கோரிக்கையும்

நகர விதியை மீறியதற்கான அபராதம் வீட்டுக்காரரின் பையிலிருந்து போகாமல், அவருடைய மண்ணின் மீது ஏறி உட்கார்ந்துகொள்வதே நகர வில்லங்கம். ஃப்ளோரிடாவில் இதற்கு ஆதாரம் மாநிலச் சட்டத் தொகுப்பின் 162ஆவது அத்தியாயம். சொத்து வரி பாக்கிக்கு வில்லங்கம் ஏறுவது அமெரிக்கா முழுவதும் உள்ள நடைமுறை; அதில் வாரியங்களின் கைவண்ணம் எதுவும் இல்லை. புல்லின் உயரம், வேலியின் சாய்வு, கார் நிற்கும் இடம் ஆகியவற்றிலிருந்து வில்லங்கத்தை விளைவிப்பதில்தான் அவற்றின் திறமை தெரிகிறது.

முதலில் ஆய்வாளர் மீறலைக் கண்டுபிடித்து, சரிசெய்ய அவகாசம் கொடுக்கிறார். சரியாகவில்லை என்றால் வழக்கு வாரியத்தின் முன்னாலோ சிறப்பு நடுவர் முன்னாலோ போகிறது. வாரியத்தில் பொதுவாக ஏழு பேர். கட்டடக் கலைஞர், பொறியாளர், வணிகர், மனைத் தரகர் முதலானோர் இயன்றவரை இடம்பெற வேண்டும் என்கிறது சட்டம். தோட்டக்காரரை அது குறிப்பிடவில்லை.

வீட்டுக்காரருக்குத் தகவல் பதிவுத் தபாலில் போகிறது. யாரும் வாங்கவில்லை என்றால், அதை அந்த மனையிலும் நகர அலுவலகத்திலும் ஒட்டிவைத்தாலே போதும். ஊரில் இல்லாதவருக்கு, அவர் இல்லாத வீட்டின் வாசலிலேயே செய்தி சொல்லப்படுகிறது. வெளியூர் போனவர்கள் அடிக்கடி எட்டிப்பார்க்கும் இடம் நகர அலுவலகச் சுவர் என்று சட்டமன்றம் எண்ணியிருக்கக்கூடும்.

அபராதம் நாள் கணக்கில் ஓடுகிறது. முதல் மீறலுக்கு நாளொன்றுக்கு 250 டாலர் வரை. ஐந்தாண்டுக்குள் அதே விதியை மறுபடி மீறினால் 500 வரை. 50,000 பேருக்குக் குறையாத நகரங்கள் தனி விதி இயற்றி இவற்றை 1,000, 5,000 என்று உயர்த்திக்கொள்ளலாம். மறுபடி மீறியவருக்கு அவகாசம் தந்தாக வேண்டிய கட்டாயமும் இல்லை.

டனீடின் நகரம் இந்த ஏற்பாட்டின் முழு வீச்சையும் 2018இல் காட்டியது. இறந்துபோன தாயின் சொத்து விவகாரங்களைக் கவனிக்க வேறு மாநிலம் போயிருந்த ஒருவரின் புல், அனுமதித்த பத்து அங்குலத்தைத் தாண்டியது. வெட்டித் தருவதாக இருந்த நண்பரும் அதற்குள் இறந்துவிட்டார். வீட்டுக்காரர் 2015இலும் புல்லுக்காக எச்சரிக்கப்பட்டவர். எனவே 500 டாலர் விகிதம். 57 நாளுக்கு 28,500. மற்ற தொகைகளும் சேர்ந்து ஏறக்குறைய 30,000. 2019இல் வீட்டையே ஏலத்துக்குக் கொண்டுபோக வாரியம் அனுமதி கொடுத்தது. அந்தப் புல் என்றோ வெட்டப்பட்டுவிட்டது.

லாண்டானா நகரம் ஒரு படி மேலே போனது. ஒரு குடும்பத்தின் கார்கள் சொந்த வீட்டுப் பாதையில் இடம் போதாமல் இரண்டு சக்கரங்களைச் சொந்தப் புல்தரையில் பதித்தன. நாளுக்கு 250 வீதம் 407 நாள்: 1,01,750 டாலர். பாதையில் விழுந்த விரிசலுக்கு 16,125. புயல் சாய்த்த வேலிக்கு 47,375. மொத்தம் 1,65,250. கார்களை ஒழுங்காக நிறுத்திய பிறகு நகரத்துக்குத் தொலைபேசியில் தகவல் விட்டும் யாரும் வந்து பார்க்கவில்லை என்கிறது, நகரத்தின் மீது தொடுக்கப்பட்ட வழக்கின் மனு. இந்த முறையின் உயிர்நிலை இங்கேதான் இருக்கிறது. சட்டப்படி தவறு நின்றதும் மீட்டர் நிற்க வேண்டும். நடைமுறையில் ஆய்வாளர் வந்து பார்த்துச் சான்று சொல்லும்வரை அது ஓடக்கூடும். அவர் வராத நாளுக்கும் கட்டணம் வீட்டுக்காரருடையது.

உத்தரவின் சான்றுப் பிரதி பொதுப் பதிவேட்டில் ஏறியதும் அபராதம் வில்லங்கமாகிறது. மீறல் நடந்த மனையோடு அது நிற்பதில்லை. மீறியவரின் மற்ற சொத்துகளையும் பிடித்துக்கொள்கிறது. மூன்று மாதம் கட்டாவிட்டால் ஏல வழக்குப் போடலாம். குடியிருக்கும் சொந்த வீட்டை மட்டும் மாநில அரசியல் சட்டம் காப்பாற்றுகிறது. ஏலம் போடும் வழி அடைபடும், ஏறியிருக்கும் தொகை கரையாது. ஆயுள் 20 ஆண்டு. விற்கப் போனாலும் மறுகடன் கேட்டாலும் பதிவேடு புரட்டப்படும், வில்லங்கம் எழுந்து நிற்கும். முன்பே பதிவான வீட்டுக்கடனை முந்துவது மட்டும் அதனால் முடியாது. பாம் பே நகரம் தன் வில்லங்கத்துக்கு முதலிடம் கொடுத்து விதி எழுதிப் பார்த்தது. 2013இல் மாநில உச்ச நீதிமன்றம் அதைச் செல்லாது என்றது. வங்கி என்று வந்தால் புல்லும் தலை குனிகிறது.

கருணைக்கும் சட்டத்தில் இடம் உண்டு. மீறலின் கடுமை, சரிசெய்ய எடுத்த முயற்சி, முந்தைய மீறல்கள் ஆகியவற்றை வாரியம் எடைபோட வேண்டும். விதித்த அபராதத்தைக் குறைக்கவும் அதற்கு அதிகாரம் உண்டு. மேல்முறையீட்டுக்கு உத்தரவிலிருந்து 30 நாள். கதவில் ஒட்டியதைப் படிக்க ஆளில்லாதபோது அந்த 30 நாளும் அப்படியே போய்விடும். அளவுமீறிய அபராதத்துக்கு எதிரான அரசியல் சட்டத் தடை மாநிலங்களையும் கட்டும் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2019இல் சொன்னது. ஆயினும் டனீடின் வீட்டுக்காரர் தொடுத்த வழக்கில் 2021இல் கூட்டரசு நீதிமன்றம் நகரத்தின் பக்கமே நின்றது.

எனவே, வீட்டுக்காரர் தேதியுடன் படம் அனுப்பிய நாளிலேயே மீட்டரை நிறுத்தவும், மீறலைச் சரிசெய்ய ஆகும் செலவைப் பார்த்து அபராதத்துக்கு உச்சவரம்பு கட்டவும், கதவில் நோட்டீஸ் ஒட்டப் போகும் ஊழியர் கையில் ஒரு புல்வெட்டும் இயந்திரத்தையும் கொடுத்தனுப்பவும் வாரியங்கள் ஆவன செய்யுமாறு பணிவுடன் கோரப்படுகிறது.