இளவேனிற் கூடமும் கழிபொருள் அணியும்: ஒரு பன்முக நோக்கு

ஆய்வுக்குள் நுழையுமுன் 'கூடம்' என்பதை வரையறுக்க வேண்டும். வரையறுக்காவிட்டால் நெறியாளர் கையெழுத்துப் போடமாட்டார். கூடம் எனப்படுவது வாசலுக்கும் அடுக்களைக்கும் நடுவே, விருந்தாளி வரும்போது மட்டும் சுத்தமாக இருக்கும் பகுதி. உலக வழக்கில் ஹால். இளவேனில் எனப்படுவது சித்திரையும் வைகாசியும். அக்னி நட்சத்திரமும் அதற்குள்ளேயே வருகிறது. அதை எப்படி 'இள' என்றார்கள் என்று விளக்குவது இக்கட்டுரையின் எல்லைக்கு அப்பாற்பட்டது, மின்விசிறியின் எல்லைக்கும். கழிபொருள் எனப்படுவது, தூக்கிப் போடப் போகும்போது யாரோ ஒருவர் "இருக்கட்டும், எதுக்காவது ஆகும்" என்றதால் மீண்டது.

இத்துறையின் முதற்சான்று பல்லாவரத்தில் கிடைக்கிறது. 1863ஆம் ஆண்டு மே 30ஆம் நாள், நிலவியல் அளவைத் துறையைச் சேர்ந்த ராபர்ட் புரூஸ் ஃபூட் அங்கே சரளை தோண்டிய குழி ஒன்றில் பழைய கல் ஒன்றைக் கண்டெடுத்தார். அது பழைய கற்கால மனிதன் செதுக்கிய கைக்கோடரி, இந்தியாவில் அவ்வகையில் முதலில் அடையாளம் காணப்பட்டது என்று வரலாற்று நூல்கள் எழுதும். நாம் கொள்ள வேண்டியது வேறு. மே 30 வைகாசி, வைகாசி இளவேனில். ஆகவே, பிறர் பயன்படுத்தி எறிந்த பொருளை இளவேனிலில் பொறுக்கிக்கொண்டு போன முதல் ஆள் அவரே. அதே பல்லாவரத்தில் இன்றும் வெள்ளிக்கிழமைதோறும் சந்தை கூடுகிறது. கால் ஒடிந்த நாற்காலிக்கும் ஓடாத சுவர்க் கடிகாரத்துக்கும் பேரம் நடக்கிறது. இடைப்பட்ட காலத்தில் மரபுத் தொடர்ச்சிக்குச் சான்று எங்கே என்று சிலர் கேட்பர். சான்று இல்லாமையே தொடர்ச்சிக்குச் சான்று. மூர் மார்க்கெட் 1985இல் எரிந்தபோது அதுவும் எரிந்திருக்கக்கூடும் என்று ஒரு வரி சேர்த்துவிட்டால் போதும். இதைவிட மெல்லிய நூலில் முனைவர் பட்டங்கள் தொங்குகின்றன.

கழிபொருள் பலவகைப்படும். ஃபியூஸ் போன பல்பு: எல்.இ.டி. வந்தபின் வழக்கொழிந்தது. ஐஸ்குச்சி வீடு: பிள்ளைகள் செய்தது, ஆகவே திறனாய்வுக்கு அப்பாற்பட்டது. கல்யாணப் பத்திரிகை: பிள்ளையார் மட்டும் கத்தரிக்கப்பட்டுச் சுவரேறுவார், மணமக்கள் காயலாங்கடைக்குப் போவர்.

புடவைக்குச் சற்று இடம் ஒதுக்க வேண்டும். விசேஷப் புடவை, வீட்டுப் புடவை, சன்னல் திரை, டிவி உறை, தலையணை உறை, கால்மிதி, பிடிதுணி என்று அது பல நிலைகளைக் கடக்கிறது. எந்த நிலையில் அது அலங்காரம் ஆகிறது என்பதே வினா. சன்னல் திரையில் என்பது என் கட்சி. அந்தப் புடவைக்குச் சொந்தக்காரரோ, திரையைப் பார்த்து, "நல்லாத்தானே இருந்துச்சு, இன்னும் ரெண்டு வருஷம் கட்டியிருப்பேனே" என்கிறார் (இல்லாள், 'அடுப்படி உரை', காலைப் பதிப்பு). "என்னை ஒரு வார்த்தை கேட்டீங்களா" என்பது பிற்சேர்க்கை (மேற்படி, மாலைப் பதிப்பு, திருத்தியது, விரித்தது).

ஆட்டுக்கல் வேறு கதை. கிரைண்டர் வந்த புதிதில் அம்மா ஆட்டுக்கல்லைக் கொல்லைக்கு உருட்டிவிட்டார். வீடு மாறியபோது அங்கேயே விட்டுவிட்டும் வந்தார். அதே மாதிரி ஒன்றை என் மனைவி காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில், பழம்பொருள் கடையில் விலை கொடுத்து வாங்கி வந்து ஹாலில் வைத்து, தண்ணீர் ஊற்றி, அரளிப் பூ மிதக்க விட்டிருக்கிறார். குழவி எங்கே என்று அம்மா கேட்டார். குழவிக்குத் தனி விலையாம். பழையது போய்ப் புதியது வருவது குற்றமில்லை என்று நன்னூலார் சொன்னதைக் காட்டி இதை விளக்கப் பார்ப்பவர்கள், அவர் சொன்னது சொற்களைப் பற்றி, ஆட்டுக்கல்லைப் பற்றி அல்ல என்பதை மறந்துவிடுகிறார்கள். தவிரவும், போனதே திரும்பி வந்தால் அதற்கு அவர் நூற்பா எழுதவில்லை.

இதுவரை சொன்னவை பாயிரம். ஷோகேசின் மேல்தட்டில், டிவிக்கு வலப்புறம், பாட்டிலில் நிற்கும் மணி பிளாண்டே இளவேனிற் கூடத்தின் உயிர்.

முதலில் பாட்டில். வாயகன்ற ஹார்லிக்ஸ் பாட்டில் இதற்கு ஆகாது. அது ஊறுகாய்க்கும் துவரம்பருப்புக்கும் நேர்ந்துவிடப்பட்டது, அடுக்களையைத் தாண்டாது. கழுத்து நீண்டு, கண்ணாடி தடித்த பாட்டிலே வேண்டும். குடிப்பவர் எவருமில்லாத வீட்டுக்குள் அது எப்படி வந்தது என்பதில்தான் அறிஞர் உலகம் பிளவுபட்டுக் கிடக்கிறது. வஞ்சி மாநகர் கரூரா கொடுங்கல்லூரா என்று சண்டையிட்டவர்கள்கூட, ஊர் ஒன்று இருந்தது என்பதையாவது ஒப்புக்கொண்டார்கள். இங்கே முதற்கட்சியார் அது மருந்து பாட்டில் என்பர். இரண்டாம் கட்சியார் காயலாங்கடையில் வாங்கியது என்பர். இரு கட்சியாரும் ஒரே ஆள். ஆய்வு நெறி கருதி அவர் பெயரை வெளியிடவில்லை. மூன்றாம் கட்சி அவர் மனைவி. அவர் கருத்தேதும் சொல்வதில்லை, பாட்டிலை ஒரு தடவையும் ஆளை ஒரு தடவையும் பார்ப்பார். முதன்மை ஆவணமாகிய லேபிள், வெந்நீரில் இரவு முழுக்க ஊறி உரிந்துபோயிற்று ('லேபிளியல்', பக்கெட் சுவடி, அடியில் தங்கிய கூழ்ப் பகுதி மட்டும்). 2022இல் நீலகிரியில் தொடங்கி, டாஸ்மாக்கில் கூடுதலாக வாங்கும் 10 ரூபாயைக் காலி பாட்டிலைக் கொடுத்தால் திருப்பித் தரும் வழக்கம் வந்தபின், மருந்துக் கொள்கை மேலும் ஆட்டங்கண்டது. "அதைக் கொடுத்தா பத்து ரூபா வருமே" என்று முதற்கட்சியாரே ஒருநாள் வாய் தவறிச் சொல்லிவிட்டார்.

அடுத்து செடி. மணி பிளாண்டை வாங்கக் கூடாது, திருட வேண்டும். திருடிய செடிதான் தழைக்கும், பணமும் சேரும் என்பது ஊரறிந்த விதி. இதைவிடச் சிக்கனமான கொள்முதல் முறை எங்கும் பதிவாகவில்லை. இதை மூடநம்பிக்கை என்பார் திணை அறியார். வேனிலுக்குரிய திணை பாலை. பாலை மாந்தரின் தொழில் வழிப்பறி. சிறுபொழுது நண்பகல், எதிர்வீட்டார் கண்ணயர்வதும் அப்போதே. உரிப்பொருள் பிரிவு. ஆகவே வைகாசி நண்பகலில் எதிர்வீட்டுத் தொட்டியிலிருந்து ஒரு கொடியைத் தாய்ச் செடியிடமிருந்து பிரித்து வருபவர் முதல், கரு, உரி மூன்றும் பிசகாமல் ஒழுகுகிறார் என்க. எங்கோ கிடந்ததை எங்கோ கிடந்ததோடு மாட்டுவதாகத் தோன்றினால், நச்சினார்க்கினியரிடம் போய் முறையிடுக. கொய்யும்போது ஒரு கணுவாவது இருக்க வேண்டும். வேர் அங்கிருந்துதான் விடும். வெறும் இலை பாட்டிலில் நிற்குமே ஒழியக் கொடியாகாது. எதிர்வீட்டார் இது குறித்து வெளியிட்ட கருத்தும் கிடைத்திருக்கிறது (எதிர்வீட்டு மாமா, 'மொட்டை மாடி விளக்கவுரை', வடகம் காயவைத்த நாள் பதிப்பு, நடுவே காக்கை கொத்தியதால் 'களவாணி' என்பதற்குப் பின்வரும் சொற்கள் சிதைந்தன, சிதைந்ததே நலம் என்பது பதிப்பாசிரியர் குறிப்பு).

இனி இத்துறையின் தீராச் சிக்கல். இளவேனில் என்றால் பூ. மணி பிளாண்ட் வீட்டில் பூப்பதே இல்லை. பசிபிக் கடலின் மூரியா தீவிலிருந்து உலகெல்லாம் பரவிய இச்செடிக்கு, பூப்பதற்கு வேண்டிய ஜிப்ரெலின் என்னும் இயக்குநீர் போதவில்லை என்று 2016இல் வந்த ஓர் ஆய்வு கண்டுபிடித்தது. தாவரவியலாரோ பூவைப் பார்த்துத்தான் இனம் பிரிப்பர். பூ காணாமல் அவர்கள் பட்ட பாடு கொஞ்சமன்று. 1880இல் போத்தோஸ் என்றார்கள். பிறகு சிண்டாப்சஸ் என்றார்கள். ராஃபிடோஃபோரா என்றார்கள். 1964இல் எபிப்ரெம்னம் என்றார்கள். செடி பாட்டிலை விட்டு நகரவில்லை, கட்டுரைகள் பெருகின. ஒருபோதும் பூக்காத ஒன்றைப் பற்றித் தலைமுறை தலைமுறையாக எழுதலாம் என்பதை நம் பல்கலைக்கழகத் துறைகளும் இப்போது நன்றாகக் கற்றுக்கொண்டுவிட்டன.

எங்கள் வீட்டில் சிக்கலைத் தீர்த்தது, தேர்த் திருவிழாவில் வாங்கிய பிளாஸ்டிக் ரோஜா ஒன்று. அதைக் கொடியின் நுனியில் நூலால் கட்டியாயிற்று. இதற்கும் மேற்கோள் உண்டு ('குப்பி விளக்கம்', ஆசிரியர் பெயர் இல்லை; பழைய பேப்பர்காரரின் தராசில் ஏறிய பிரதி; கட்டில் மேலிருந்து நான்காவது, 'ஐந்தாவது' என்பது தராசுக்காரர் பாடம்; முன்னட்டை இல்லை, பின்னட்டை வேறொரு நூலுடையது; நடுவே வேர்க்கடலை எண்ணெய்க் கறை; கறைக்கடியில் உள்ளது 'ரோஜா' என்றும் 'ரோசா' என்றும் இரு பாடம்; கறையே மூலம், எழுத்து இடைச்செருகல் என்பாரும் உளர்; அவருக்கு விருது கிடைத்திருக்கிறது).

இம்முடிபுகளைப் பன்னாட்டுக் கருத்தரங்கு ஒன்றில் படித்தேன். பன்னாட்டு என்றால், கனடாவிலிருந்து ஒருவர் ஜூமில் வாழ்த்துரை வழங்கினார். கட்டுரைக்குக் கட்டணம் இருந்தது, சாம்பார் சாதம் இருந்தது, சான்றிதழ் இருந்தது. கேள்விக்கு மட்டும் நேரம் இருக்கவில்லை.

கேள்வி கேட்டவர் ஒருவரே. கொசு ஒழிப்புப் பணிக்காக வீடு வீடாக வரும் அம்மா. நேரே ஷோகேசிடம் போனார்.

"இதுல தண்ணி எப்ப சார் மாத்துனீங்க?"

வேனிலுக்குரிய திணை பாலை என்பதிலிருந்து ஆரம்பித்தேன். அவர் அதற்குள் பாட்டிலைச் சன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, உள்ளே நெளிந்துகொண்டிருந்தவற்றை விரலால் காட்டினார். டெங்கு கொசு நல்ல தண்ணியிலதான் முட்டை போடும், வாரம் ஒரு தடவை கொட்டிக் கழுவலேன்னா புழு கொசுவாகிப் பறந்துடும் என்றார். மேற்கோள் எதுவும் காட்டவில்லை.

"பூ வேற கட்டியிருக்கீங்க" என்று சொல்லிவிட்டு, ஆட்டுக்கல் பக்கம் திரும்பினார்.