டிக்கியில் ஒரு அம்மி

எங்கள் அடுக்ககத்தில் ஹேண்ட் பிரேக் போடுவது பெருங்குற்றம். ஒரு காருக்குப் பின்னால் இன்னொரு கார் நிற்கும் இடம். "நியூட்ரல்ல விட்டுடுங்க சார், பிரேக் போட்டுடாதீங்க" என்பார் வாட்ச்மேன். காலையில் என் காரைத் தள்ளினால்தான் உள்ளே இருப்பவர் ஆபீஸ் போக முடியும். சாவியே இல்லாமல் என் காரை என்னைவிட அதிக தூரம் கொண்டுபோனவர் அந்த வாட்ச்மேன்தான்.

இப்படிப் பழகிய என்னை ஏற்காட்டுக்கு அனுப்பினால்? 20 கொண்டை ஊசி வளைவு ஏறி முடிப்பதற்குள் பயம் தலைக்கேறிவிடும். அதனால் மலையில் நான் வண்டி நிறுத்துவது கிட்டத்தட்ட ஒரு பூஜை. கால் பிரேக்கை மிதித்தபடியே ஹேண்ட் பிரேக்கைத் தூக்குவேன். நியூட்ரலுக்கு வருவேன். அப்புறம் காலை மெல்ல எடுத்து, நகர்கிறதா என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்ப்பேன். நகரவில்லை என்றால்தான் இன்ஜினை அணைத்துவிட்டுக் கியர்: மேட்டைப் பார்த்து நின்றால் ஃபர்ஸ்ட், பள்ளத்தைப் பார்த்து நின்றால் ரிவர்ஸ். வரிசையை மாற்றினால் வண்டியின் பாரமெல்லாம் கியர் மேல் உட்கார்ந்துவிடும். ஆட்டோமேட்டிக் வண்டியில் 'பி' போட்டால், பிடித்து நிறுத்துவது உள்ளே இருக்கும் சின்ன இரும்புக் கொக்கி. பாவம், அதற்கும் ஹேண்ட் பிரேக் துணை வேண்டும்.

ஹேண்ட் பிரேக் லீவர் நெஞ்சு உயரத்துக்கு எழுந்து வந்தால் அது புஜபலம் இல்லை, பெரும்பாலும் கேபிள் தளர்ந்திருக்கும். என் புஜத்தைப் பார்த்த எந்த மெக்கானிக்கும் முதலில் கேபிளைத்தான் சந்தேகப்படுவார்.

இதற்குள் மனைவி மிளகாய் பஜ்ஜி வாங்கிப் பாதி முடித்திருப்பாள். "ஏங்க, வண்டி அப்பவே நின்னுடுச்சு. நீங்கதான் இன்னும் நிக்கல."

நான் டிக்கியைத் திறப்பேன். உள்ளே உடைந்த அம்மியில் பாதி. மஞ்சள் கறை இன்னும் போகவில்லை. அதைச் சக்கரத்துக்கு அண்டக் கொடுத்து, ஒரு உதை உதைத்துப் பார்த்தால்தான் எனக்குப் பஜ்ஜி இறங்கும்.

மழைக்காலத்தில் வண்டியை யார் வழியையும் மறைக்காத இடத்தில் விட்டுவிட்டுப் பல நாள் ஊருக்குப் போகும்போது மட்டும் வாட்ச்மேன் கட்சிக்கு மாறிவிடுவேன். ஹேண்ட் பிரேக்கை இழுத்தே வைத்திருந்தால் ஈரத்தில் பிரேக் ஷூ டிரம்மோடு துருப்பிடித்து ஒட்டிக்கொள்ளும். சமதரையில் கியரும் கல்லும் போதும்.

ஒரு வேண்டுகோள். கிளம்பும்போது கல்லை எடுத்துவிடுங்கள். யாரோ வைத்துவிட்டுப் போன கல் நடுரோட்டில் கிடந்தால், இருட்டில் பைக்கில் வருகிறவருக்குத் தெரியாது. குனிய முடியாதவர்கள் பக்கத்து வண்டி டிரைவரைக் கூப்பிடலாம். மனைவியைக் கூப்பிட வேண்டாம்.