பெருவேட்டைக்குத் தோட்டா வாங்கப் போகும் புன்னைக்காயல்காரருக்கு

யானை, புலி, காட்டெருமை இவற்றில் ஒன்றையாவது சுட்டு வீழ்த்திவிடுவது என்று புன்னைக்காயலில் உட்கார்ந்து முடிவெடுத்திருக்கிறீர்கள். சந்தோஷம். ஒரு பக்கம் மன்னார் வளைகுடா, மறுபக்கம் தாமிரபரணி கடலில் விழும் கழிமுகம், கொஞ்சம் அலையாத்தி, கொஞ்சம் உப்பளம். ஊரில் தட்டுப்படும் ஆகப் பெரிய விலங்கு எருமை. அதற்கும் சொந்தக்காரர் இருக்கிறார். இந்தச் சில்லறைத் தடைகளுக்கெல்லாம் மனம் தளர வேண்டாம். தோட்டா சரியாக அமைந்துவிட்டால் விலங்கு தானாக வரும் என்பது வேட்டைப் புத்தகம் வாங்கி அடுக்குகிறவர்களின் நெடுநாள் நம்பிக்கை.

முதலில் சாமானைக் கையில் எடுத்துப் பாருங்கள். பித்தளைக் கூடு, அதன் அடியில் தட்டினால் பொறி கிளப்பும் கேப்பு, உள்ளே மருந்து, வாயில் செருகிய குண்டு. தோட்டா என்பது இவ்வளவுதான். நம் நாட்டு .315 தோட்டாவைக் கவிழ்த்தால் அடியில் கே.எஃப். என்று பொறித்திருக்கும். புனேக்குப் பக்கத்தில் கட்கியில் 1869 முதல் இருக்கும் வெடிபொருள் தொழிற்சாலையின் முத்திரை அது. குண்டின் மூக்கில் மட்டும் உறை இருக்காது. ஈயம் சாம்பல் நிறத்தில் எட்டிப் பார்க்கும். உடலில் பட்டதும் அந்த மூக்கு நசுங்கி விரிந்து, போன வழியைப் பெரிதாக்க வேண்டும் என்பதற்காக அப்படிச் செய்கிறார்கள். விரியும் குண்டுக்கு உலகப் பெயர் வாங்கிக் கொடுத்தது 1890களில் கல்கத்தாவை அடுத்த தம்தம் தொழிற்சாலை. போரில் மனிதர்மேல் அதைச் சுடக்கூடாது என்று 1899 ஹேக் மாநாட்டில் தடை போட்டார்கள். மானுக்கு அந்தத் தடை பொருந்தாது. மான் சார்பில் யாரும் மாநாட்டுக்குப் போகவில்லை.

வாங்கிய தோட்டாவை உடனே பூட்டி வையுங்கள். புன்னைக்காயல் உப்புக்காற்றில் பித்தளை நாலு மாதம் தாங்காது, களிம்பேறிவிடும். களிம்பைப் பார்த்தால் வீட்டில் சும்மா இருக்க மாட்டார்கள். குத்துவிளக்கோடு சேர்த்துப் புளி போட்டுத் துலக்கிவிடுவார்கள்.

தூரத்துக்குத் தக்க தோட்டா

முப்பது மீட்டருக்குள் என்றால் 12 போர் போதும். ரைஃபிள் வேண்டியதில்லை. கட்கியிலேயே செய்த சக்திமான் தோட்டா கிடைக்கும், எஸ்.ஜி., எல்.ஜி. என்று பெரிய ரவை போட்டது. பரண்மேல் உட்கார்ந்து, கீழே கட்டிய ஆட்டுக்கு வரும் சிறுத்தையைச் சுட்டவர்களின் தூரம் இது. நாற்பது மீட்டரைத் தாண்டினால் ரவைகள் ஆளுக்கொரு திசையில் பிரிந்து போய்விடும். அதன்பிறகு அடிபட்ட சிறுத்தை ஒன்றும், மரத்தில் நீங்கள் ஒருவரும் மிச்சம்.

நூறு மீட்டர் என்றால் .315. குண்டு 244 கிரெய்ன், கிட்டத்தட்ட 16 கிராம். வேகம் நொடிக்கு 670 மீட்டர் அளவில். பழைய ஆஸ்திரிய மான்லிஹர் ராணுவத் தோட்டாவின் வம்சம். நூறு மீட்டரில் மான், பன்றி எதற்கும் போதும், அதற்கு மேல் ஆசைப்படக்கூடாது.

முந்நூறு மீட்டரில் ஆசைப்படுகிறவர்களுக்கு தேர்ட்டி-நாட்-சிக்ஸ் இருக்கிறது. 1906-இல் அமெரிக்க ராணுவத்துக்குச் செய்தது, அதனால் அந்த ஆறு. 180 கிரெய்ன் குண்டு நொடிக்கு 820 மீட்டர் அளவில் கிளம்பும். நூறு மீட்டருக்குக் குறி சரிசெய்த துப்பாக்கியை முந்நூறில் சுட்டால், போய்ச் சேருவதற்குள் குண்டு ஏறக்குறைய ஒரு முழம் இறங்கியிருக்கும். குறுக்கே மணிக்கு 16 கிலோமீட்டர் காற்று அடித்தால் ஒரு சாண் ஒதுங்கும். புன்னைக்காயலில் 16 கிலோமீட்டர் வேகத்தில் அடிப்பதைக் காற்று என்றே யாரும் சொல்வதில்லை. கச்சான் எழும்பும் மாதங்களில் நீங்கள் எதைப் பார்த்துச் சுடுகிறீர்களோ அதற்குப் பக்கத்தில் நிற்பதுதான் கவலைப்பட வேண்டும்.

ரைஃபிளின் எட்டுதூரம் பற்றித் தூத்துக்குடி மாவட்டத்தாருக்கு யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை. 2018 மே மாதம் ஸ்டெர்லைட் எதிர்ப்புப் போராட்டத்தின்போது நடந்த போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் இறந்தார்கள். இதைக் கேலிக் கட்டுரையில் இதற்கு மேல் எழுத எனக்குக் கை வராது.

யானைக்கு என்ன தோட்டா என்று கேட்பீர்கள். .470 நைட்ரோ எக்ஸ்பிரஸ்: 500 கிரெய்ன் குண்டு, அதாவது 32 கிராம். சுட்ட தோளுக்கும் அது நினைவிருக்கும். ஆனால் கரமோஜோ பெல் என்ற ஸ்காட்லாந்துக்காரர் ஆப்பிரிக்காவில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட யானைகளைக் கொன்றார். அதில் பெரும்பகுதி 7 மி.மீ. மவுசர் என்ற சின்னத் தோட்டாவால். யானை மண்டைக்குள் மூளை எங்கே இருக்கிறது என்று அறுத்துப் பார்த்துப் படித்துக்கொண்டவர் அவர். சம்பாவத் ஆட்கொல்லிப் புலியைக் கொன்றதற்காக 1907-இல் ஜிம் கார்பெட்டுக்குப் பரிசாகக் கிடைத்த ரிக்பி ரைஃபிளும் அதே தோட்டாதான். தோட்டா எது என்று விடிய விடிய விவாதிக்கிறவர்கள் இந்த இரண்டு பேரையும் பேச்சில் கொண்டுவராமல் பார்த்துக்கொள்வது நல்லது. விவாதம் சீக்கிரம் முடிந்துவிடும்.

உண்மையில் தேர்ந்தெடுப்பது யார்

இதுவரை படித்ததை மறந்துவிடலாம். விலங்கையும் தூரத்தையும் பார்த்து இந்தியாவில் யாரும் தோட்டா எடுத்ததில்லை. எடுத்துக்கொடுத்தது எப்போதும் சர்க்கார்.

.470 எப்படிப் பிரபலமானது என்று பாருங்கள். அதற்கு முன் வெள்ளைக்கார வேட்டைக்காரர்களின் செல்லம் .450. நல்ல தோட்டா, யானையும் குறை சொன்னதில்லை. ஆனால் ராணுவத்தின் பழைய மார்ட்டினி-ஹென்றி துப்பாக்கியின் குண்டும் அதே அளவு. வேட்டைக்கு வரும் சரக்கு கலகக்காரர் கைக்குப் போய்விடும் என்று பயந்து, 1907-இல் .450 ரக ரைஃபிள்கள் இந்தியாவுக்குள் வரத் தடை போட்டார்கள். லண்டன் துப்பாக்கிக் கம்பெனிகள் அழுதுகொண்டிருக்கவில்லை. .465, .470, .475 என்று ஒரு நூல் தள்ளித் தள்ளி வரிசையாக இறக்கினார்கள். அதில் .470 நிலைத்தது.

.315 கதையும் இதுவே. த்ரீ-நாட்-த்ரீ ராணுவத் தோட்டா, குடிமக்கள் கையில் இருக்கக்கூடாது. ஆகவே அதற்குப் பக்கத்து அளவில், இங்குள்ள ராணுவத்துக்கு உதவாத ஒன்றைக் கண்டுபிடித்துக் கொடுத்தார்கள். வெள்ளைக்காரன் போன பிறகும் 1959 ஆயுதச் சட்டம் அந்த ஏற்பாட்டை அப்படியே வைத்துக்கொண்டது. உலகம் முழுக்க மறந்துபோன ஒரு தோட்டா இந்தியாவில் மட்டும் இன்றும் வார்க்கப்படுவதற்கு அதுதான் காரணம்.

சட்டத்தின் மூன்றாவது தேர்வு 1972-இல் வந்தது. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 9-ஆம் பிரிவு வேட்டையைத் தடை செய்கிறது. வேட்டை என்றால் என்ன என்பதை 2-ஆம் பிரிவிலேயே விளக்கியிருக்கிறார்கள். கொல்வது, பிடிப்பது, கண்ணி வைப்பது, இரை வைத்து அழைப்பது, இவற்றில் எதற்கும் முயற்சி செய்வது, எல்லாம் வேட்டை. ஆகவே குறி தப்பினாலும் வேட்டைதான். முந்நூறு மீட்டரில் ஒரு முழம் இறங்குமே என்று மேலே கவலைப்பட்டோமே, அந்தக் கவலை சட்டத்துக்குக் கிடையாது.

விலங்கே இல்லை என்றும் சொல்ல முடியாது. மாவட்டத்துக்குள்ளேயே வல்லநாட்டில் வெளிமான் சரணாலயம் இருக்கிறது, 1987 முதல். முள்ளும் பாறையுமான குன்று. மான் ஒன்று முப்பது கிலோ அளவில் இருக்கும், கிளம்பினால் மோட்டார் சைக்கிளுக்கு ஈடு கொடுக்கும். அதற்கு .315 போதும் என்று கணக்குப் போடுகிறீர்கள். சரிதான். ஆனால் வெளிமான் அந்தச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. மூன்று வருஷத்திலிருந்து ஏழு வருஷம் வரை உள்ளே. 1998-இல் ராஜஸ்தானில் வெளிமான் சுட்ட வழக்கில் நடிகர் சல்மான் கானுக்கு ஜோத்பூர் நீதிமன்றம் 2018-இல் ஐந்து வருஷம் விதித்தது. அவர் ஜாமீனில் வந்து மேல்முறையீடு செய்தார். அவருக்கு வக்கீல்கள் இருக்கிறார்கள். உங்களுக்குத் திருச்செந்தூர் பஸ்ஸில் தெரிந்த ஒருவர் இருக்கலாம்.

பயிரை அழிக்கும் காட்டுப்பன்றியையாவது சுடலாமே என்றால், தமிழ்நாட்டில் அதைச் சுடும் வேலையை வனத்துறை ஆட்களுக்குத்தான் கொடுத்திருக்கிறார்கள். பழத்துக்குள் வெடிமருந்து வைக்கும் அவுட்டுக்காய்ப் பக்கம் போகவே போகாதீர்கள். பன்றிக்கு வைத்ததை யானை கடித்து, வாய் சிதைந்து, பட்டினியில் சாகும். கோயம்புத்தூர்ப் பக்கம் அப்படிச் செத்த யானைகள் உண்டு. அதைச் செய்கிறவனை வேட்டைக்காரன் என்று சொல்லக்கூட வேட்டைக்காரர்கள் சம்மதிக்க மாட்டார்கள்.

உரிமம் வேண்டுமென்றால் கலெக்டரிடம் விண்ணப்பிக்க வேண்டும். காரணம் எழுதும் இடத்தில் ‘பெருவேட்டை’ என்று எழுதாதீர்கள். கிடைத்தாலும் 2019 திருத்தத்துக்குப் பிறகு ஆளுக்கு இரண்டு துப்பாக்கிக்கு மேல் கிடையாது. தேர்தல் அறிவித்ததும் அதைக் கொண்டுபோய்ப் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டும். நாடாளுமன்றம், சட்டமன்றம், உள்ளாட்சி என்று வரிசையாக வரும் நாட்டில் துப்பாக்கிக்கு உங்கள் வீட்டைவிட ஸ்டேஷன் நன்றாகப் பழகிவிடும்.

கடல் பக்கம் திரும்பினால்

தரை கைவிட்டால் கடல் இருக்கிறது என்பது இந்த ஊரின் பழக்கம். ஆனால் தண்ணீருக்குள் உங்கள் தூரக் கணக்கு தலைகீழாகிவிடும். ரைஃபிள் குண்டு வேகமானது என்பதாலேயே தண்ணீரில் பட்டதும் உடையும். ஒரு மீட்டருக்குள் சக்தி தீர்ந்து சிதறிவிடும். மெதுவாகப் போகும் கைத்துப்பாக்கிக் குண்டு அதைவிட ஆழம் இறங்கும். முந்நூறு மீட்டர் போகும் தேர்ட்டி-நாட்-சிக்ஸ் ஒரு பாகம்கூட இறங்காது. போதாததற்கு, நேர் கீழே நிற்கும் மீன் இருக்கும் ஆழத்தில் முக்கால் பங்கில்தான் கண்ணுக்குத் தெரியும்.

இதையெல்லாம் ஓர் இளைஞர் வள்ளத்தில் உட்கார்ந்து மூத்த தண்டல் ஒருவரிடம் விளக்கினாராம். அவர் தங்கூசியைச் சுருட்டிக்கொண்டே கேட்டிருக்கிறார்.

“யாம்ல மக்கா, அந்தத் துப்பாக்கிக் குண்டுல கயிறு கெட்டியிருக்குமா?”

“கயிறு எதுக்கு மாமா?”

“சுட்ட மீன வள்ளத்துல ஏத்தணும்லா? இல்ல, அதுவா நீந்தி வந்து ஏறிக்கிடுமா?”

சீலாவும் பாறையும் களவாவும் பிடிக்கிறவர்கள் தூண்டிலையும் நரம்பையும் ஈயத்தையும் ஆழம் பார்த்து, நீரோட்டம் பார்த்து மாற்றுவது, நீங்கள் கிரெய்ன் கணக்குப் பார்ப்பதைவிடத் தேர்ந்த வித்தை. வித்தியாசம், அவர்கள் அதைப் பற்றி விவாதிப்பதில்லை.

இந்தக் கரையின் பெரிய வேட்டை விலங்கு சுறா. முத்துக்குளிப்புக் காலத்தில் அதற்கு எதிராகப் பயன்படுத்திய ஆயுதத்துக்குக் கடல்கட்டி என்று பெயர். அது ஒரு ஆள். கரையில் நின்று மந்திரம் சொல்லிச் சுறாவின் வாயைக் கட்டுவார். அவர் வராமல் குளியாட்கள் கடலில் இறங்க மறுத்ததால் வெள்ளைக்காரச் சர்க்காரே அவரை வேலைக்கு வைத்திருந்தது. அதற்கு அறுநூறு வருஷம் முன்பே மார்க்கோ போலோ அவரது கூலியை எழுதியிருக்கிறார்: எடுத்த முத்தில் பத்தில் ஒன்று ராஜாவுக்கு, இருபதில் ஒன்று மீனைக் கட்டுகிறவருக்கு. இரவில் மந்திரத்தை அவிழ்த்துவிடுவார்களாம், திருட்டுத்தனமாக யாரும் குளிக்காமல் இருக்க. மருந்து வேண்டாம், களிம்பேறாது, லைசென்ஸ் இல்லை, எந்தத் தூரத்துக்கும் ஒரே மந்திரம். என்னிடம் கேட்டால் இந்தக் கட்டுரையில் வந்த தோட்டாக்கள் எதைவிடவும் மேல். தூத்துக்குடியில் முத்துக்குளிப்பு 1961-ஓடு நின்றது.

இன்று கடலிலும் அதே சட்டம்தான். தூத்துக்குடி முதல் ராமேஸ்வரம் வரை 21 தீவுகள் 1986 முதல் தேசியப் பூங்கா. மூன்று மீட்டர் நீளம், நானூறு கிலோ வரை வளரும் கடல் பசு முதல் அட்டவணை. திமிங்கலச் சுறா 2001-இல் சேர்ந்தது. அதே வருஷம் கடல் அட்டையும் சேர்ந்தது. ஓடத் தெரியாது, கடிக்கத் தெரியாது, ஒரு முழம்கூட இருக்காது. ஆனாலும் அந்த வருஷம் முதல் அது புலிக்குப் பக்கத்து ஆசனம். பெருவேட்டை விலங்கு என்ற பெருமையோடு இந்தக் கரையில் உங்கள் கைக்கு எட்டக்கூடியது அது ஒன்றுதான். அதைத் தொட்டால் என்ன ஆகும் என்று மண்டபம் பக்கம் விசாரித்துக்கொள்ளுங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் சுட்டே ஆக வேண்டுமென்றால் ஒரு ரைஃபிள் கிளப்பில் சேருங்கள். நடிகர் அஜித் அப்படித்தான் மாநிலப் போட்டிகளில் பதக்கம் வாங்கினார். கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் பத்து மீட்டர் ஏர் ரைஃபிளில் உலகக் கோப்பைத் தங்கம் வென்றார். அதற்குத் தோட்டாவே தேவையில்லை, ஈயக் குருணை போதும். ஐம்பது மீட்டருக்கு .22 எடுத்துக்கொள்ளலாம். காகிதக் குறி எந்த அட்டவணையிலும் இல்லை. தப்பினாலும் வழக்கு வராது.