பாய்மரப் படகில் உட்காருதல்: ஓர் ஆய்வு

நெடுங்கடலில் பாய் விரித்துப் பந்தயம் ஓடுவோரின் வீரம், தனிமை, மனஉறுதி எல்லாம் ஏற்கெனவே ஆராயப்பட்டுவிட்டன. அவர்கள் எங்கே உட்கார்ந்திருந்தார்கள் என்பதை மட்டும் எவரும் தொடவில்லை. இக்குறையைப் போக்கவே இவ்வாய்வு எழுந்தது. களம்: கீழவைப்பார்க் கடற்கரை. நெறிமுறை: கேட்பது, குறித்துக்கொள்வது, கேட்டதற்கு மாறாக முடிவு செய்வது.

1. நிற்றல்: நின்றவர் விழுந்தார்.

2. குளித்தல்: தரவு இல்லை, மணம் உண்டு.

3. படுத்தல்: பந்தயப் படகில் நான்கு மணி நேரம் வேலை, நான்கு மணி நேரம் ஓய்வு. ஒருவர் எழுந்த சூடு ஆறுமுன் அடுத்தவர் அதே படுக்கையில் விழுவார். 2024 அக்டோபரில் கோவாவிலிருந்து புறப்பட்டு 2025 மே மாதம் உலகைச் சுற்றித் திரும்பிய இந்தியக் கடற்படையின் ‘தாரிணி’ப் பாய்மரப் படகில் புதுச்சேரியின் ரூபா அழகிரிசாமியும் தில்னாவும் மட்டுமே, முறை மாற்றிக்கொள்ளலாம். 2022-23 கோல்டன் குளோப் பந்தயத்தில் தனியாக ஓட்டி இரண்டாவதாக வந்த அபிலாஷ் டோமிக்கு அந்தக் கொடுப்பினையும் இல்லை.

4. உட்காருதல்: பாயில் காற்றுப் பிடித்தால் படகு சாயும், அதிகம் சாய்ந்தால் வேகம் போகும். ஆகவே ஆட்கள் காற்று வரும் பக்கத்து விளிம்பில் ஏறி உட்கார வேண்டும். இதனால் மனிதன் மூச்சுவிடும் மணல்மூட்டை என்பது பெறப்படும் (காண்க: இதே கட்டுரை, இதே வரி). பெரும் பந்தயங்களில் படகு பக்கம் மாற்றும்போதெல்லாம் ஈரப் பாய்களையும் சாப்பாட்டுப் பைகளையும் மறுபக்கம் தூக்கி அடுக்குகிறார்கள். தூங்குபவரையும் எழுப்பி எதிர்ப் படுக்கைக்கு அனுப்புகிறார்கள். எடை குறைக்கவென்று டூத் பிரஷ்ஷின் கைப்பிடியை அறுத்தெறிவதும் இந்தக் கூட்டம்தான்.

உட்காருதல் நான்கு வகைப்படும்:

4.1 விளிம்பில் உட்காருதல்.

4.2 விளிம்பில் உட்காருவதாகச் சொல்லிவிட்டு நடுவில் உட்காருதல்.

4.3 சுக்கானருகே உட்காருதல். இது படகோட்டும் தண்டலுக்கு உரியது. பிறர் உட்கார்ந்தால் வகை ஒன்றுக்கு மாற்றப்படுவர்.

4.4 பலகையில் உட்காருதல். பாக் நீரிணையின் வத்தைப் படகுகளில் குறுக்கே ஒரு பலகையைப் போட்டு, காற்றுப் பக்கம் நீண்டிருக்கும் நுனியில் ஆட்கள் ஏறிக்கொள்வார்கள். மதராஸ் மீன்வளத் துறையில் இருந்த ஜேம்ஸ் ஹார்னெல் 1920இல் இந்தியப் படகு வடிவங்களைப் பற்றி எழுதினார். படகுகளை நேரில் போய்ப் பார்த்தவர் என்பதால் எல்லாருக்கும் புரியும்படி எழுதிக் கெடுத்துவிட்டார். பின்வந்தோர் அக்குறையைச் சரிசெய்துவிட்டனர்.

இனி ஆய்வுலகை இரண்டாகப் பிளந்த சிக்கல். மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்றில் கரையோரமாகப் போகிறவர் எந்தப் பிருட்டத்தில் பாரம் தாங்குவார்? வலப் பிருட்டமே என்பது ஒரு சாரார் துணிபு (‘பிருட்டவியல்: முன்னுரைக்கு ஒரு முன்னுரை’, தொகுதி 4, முதல் மூன்று தொகுதிகள் எழுதப்படவில்லை). இடப் பிருட்டமே என மறுசாரார் ஏட்டுச் சான்று காட்டுவர் (மூல ஏட்டைக் கறையான் தின்றுவிட்டது, இங்கே எடுத்தாண்டது கறையானின் பாடம். அக்கறையானைத் தின்ற பல்லியிடம் பாடபேதம் உண்டு, ஆனால் அது வேறொரு துறைத்தலைவரின் அறைச் சுவரில் இருப்பதால் பார்க்க அனுமதி கிடைக்கவில்லை). இரு சாராரும் பார்த்தது ஒரே ஆளைத்தான் என்பது எம் கண்டுபிடிப்பு. முன்னவர் அவர் தெற்கே போகையில் பார்த்தனர். பின்னவர் வடக்கே திரும்புகையில் பார்த்தனர். இவ்வுண்மை இரு பேராசிரியர்களின் பதவி உயர்வைப் பாதிக்கும் என்பதால் இதை வெளியிட வேண்டாமென்று அறிவுறுத்தப்பட்டோம்.

களப்பணியில் ஒரு பெரியவரைக் கேட்டோம். வலையில் கண் பார்த்துக்கொண்டிருந்தவர் நிமிராமலே சொன்னார்: “காத்து வார பக்கம் இருப்போம்யா. வேற எங்க இருக்க?” அடிக்குறிப்புக்கு இடம் வைக்காமல் பேசியதால் இவ்விடை ஆய்வுத் தகுதி பெறவில்லை.

முடிவு: இன்று அந்தக் கரையில் பெரும்பாலும் எஞ்சின் மாட்டிய ஃபைபர் படகுகளே ஓடுகின்றன. எங்கே உட்கார வேண்டும் என்ற அறிவு அந்தப் பெரியவரைப் போன்றவர்களோடு போய்விடும். ஆகவே கடலோடிகளைப் பற்றிக் குளிர்சாதன மண்டபத்தில் கட்டுரை வாசிக்கும் அறிஞர்களுக்கு ஒரு வேண்டுகோள். பாய் கட்டத் தெரிந்தவர் யாராவது இருக்கும்போதே ஒரு ராத்திரி படகேறிப் போய் வாருங்கள். கட்டுரை தேறாவிட்டாலும், பாரத்துக்காவது ஆவீர்கள்.