கதவைத் தட்டலாமா?

கேள்வி: காரைக்குடிக்கு ஒரு கல்யாணத்துக்குப் போகிறோம். பக்கத்தில் கானாடுகாத்தானில் செட்டிநாட்டு வீடுகளை உள்ளே போய்ப் பார்க்க விடுவார்களா?
— ஒரு வாசகி, வ. புதுப்பட்டி

பதில்: கேட்டுவிட்டுப் போங்கள் அம்மா, அது அருங்காட்சியகம் இல்லை, வீடு! ராஜா சர் அண்ணாமலைச் செட்டியார் 1912-இல் கட்டிய அரண்மனை இன்றும் குடும்பச் சொத்து. வெளியே நின்று பார்த்தாலே கண் நிறையும். வேறு சில வீடுகளில் சிறு கட்டணம் வாங்கிக்கொண்டு உள்ளே விடுகிறார்கள். சில வீடுகள் விடுதிகளாகிவிட்டன.

உள்ளே போனால் சுவரில் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். சுண்ணாம்பும் முட்டை வெள்ளைக்கருவும் சேர்த்து இழைத்த பூச்சு, பளிங்கு மாதிரி வழுக்கும்; சித்திரையிலும் சில்லென்றிருக்கும். நடுவே வானம் பார்த்த வளவு. அதைச் சுற்றிக் கல்யாணமான ஒவ்வொரு மகனுக்கும் ஓர் அறை. பூட்டிய அறையைத் தட்டாதீர்கள். பங்காளிகளின் சீர் சாமான் உள்ளே தூங்குகிறது.

குடும்பச் சொத்தாகவே இருக்கும் மாளிகைகள் நம் ஊரில் மட்டுமில்லை: இத்தாலியில் 16ஆம் நூற்றாண்டில் கட்டடக் கலைஞர் பல்லாடியோ வடிவமைத்த ரொட்டோண்டா மாளிகையும் இன்றும் ஒரு குடும்பத்தின் உடைமைதான். அங்கேயும் நாம் விருந்தாளிதான்.

செருப்போடு செல்போன் கேமராவையும் வாசலிலேயே விட்டுவிடுங்கள். நம் அடுப்படியை யாராவது படம்பிடித்தால் சும்மா இருப்போமா?