ஓடுபொறியும் கொடியும்: அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டார இல்லங்களில் உடற்பயிற்சிக் கருவித் தேர்வு பற்றிய ஆய்வு

உடலை வருத்துவதற்கென்றே விலை கொடுத்து வாங்கி வீட்டில் வைக்கப்படும் பொருள் உடற்பயிற்சிக் கருவி எனப்படும். 'வருத்துவதற்கென்றே' என்றது அம்மி, ஆட்டுக்கல், உலக்கை, தண்ணீர்க் குடம் ஆகியவற்றை விலக்குதற்பொருட்டு. இவையும் உடலை வருத்துவனவாயிற்றே எனின், அம்மி அரைப்பதற்கு வாங்கப்பட்டது, வருத்துவதற்கு அன்று என்க. மேலும் இவற்றால் வருந்தியோர் பெண்டிராகலின், அவ்வருத்தம் வேலை எனப்பட்டதேயன்றிப் பயிற்சி எனப்பட்டதில்லை. குழித்தறியில் அமர்ந்து காலால் மிதித்துக் கையால் அடிக்கும் நெசவாளரின் உழைப்பும், தெருவில் நட்ட குச்சிகளினூடே நூலை விட்டுக்கொண்டு முன்னும் பின்னும் நடக்கும் பாவோடுதல் என்னும் தொழிலும் இதே காரணத்தால் விலக்கப்பட்டன. கூலி வரும் இடத்தில் பயிற்சி இல்லை என்பது இத்துறையின் முதல் விதி.

'வீட்டில் வைக்கப்படும்' என்றது இளவட்டக்கல்லை விலக்குதற்பொருட்டு. இளவட்டக்கல்லாவது, ஊர் மந்தையில் கிடக்கும் வழவழப்பான உருண்டைக் கல். நூறு கிலோவை எட்டுவனவும் தாண்டுவனவும் உண்டு. அதை முழங்காலுக்கும், மடிக்கும், நெஞ்சுக்கும் படிப்படியாக ஏற்றித் தோளுக்குக் கொண்டுபோய்ப் பின்னால் தள்ளிவிட்டவனுக்குப் பெண் கொடுத்ததாகத் தென்மாவட்டத்து வழக்காறு கூறும். பிடிக்க இடம் இல்லாமையே அக்கல்லின் சிறப்பு. இன்றைய கருவிகள் அனைத்தும் கைப்பிடி உடையனவாதலின், இளவட்டக்கல்லிலிருந்து அவை வளர்ச்சியுற்றனவா, தேய்ந்தனவா என்பது இன்னும் முடிவு செய்யப்படவில்லை.

எஞ்சிய கருவிகள் கட்டை, இரும்பு, ரப்பர், மின்சாரம் என நான்காகப் பகுக்கப்படும். கட்டை என்பது கர்லாக்கட்டை. தோளைச் சுற்றிச் சுழற்றப்படுவது. தாழ்வான கூரையும் ஓடும் மின்விசிறியும் உள்ள வீட்டில் ஒருமுறை மட்டும் சுழற்றப்படுவது. இரும்பு என்பது இளைஞர் 'தம்புள்ஸ்' என வழங்குவது. பத்தாம் நாள் முதல் கதவு சாத்திக்கொள்ளாமல் முட்டுக் கொடுக்கப் பயன்படும். இரும்புப் பயிற்சியின் புகழ் பரவியதற்கு யூஜின் சாண்டோ என்னும் ஐரோப்பியப் பயில்வான் ஒரு காரணம். அவர் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்தியாவிலும் சுற்றிக் காட்சி நடத்தினார். அவர் பெயர் சின்னப்பா தேவருக்குப் பட்டமாகவும், கையில்லாப் பனியனுக்குப் பொதுப்பெயராகவும் தமிழில் தங்கிற்று. பெரும்பாலான இல்லங்களில் அவர் வழி வந்த செல்வங்களுள் இன்றுவரை தவறாமல் உடம்பில் ஏறுவது அப்பனியன் ஒன்றே. ரப்பர் பட்டை அறுந்துவிடும்.

இனி மின்சாரக் கருவிகளுள் தலையாயதான டிரெட்மில்லை ஆராய்வோம். ஆட்கள் நிற்குமிடத்திலேயே மிதித்து ஏறும் படிச்சக்கரத்தை வில்லியம் கியூபிட் என்னும் ஆங்கிலேயப் பொறியாளர் 1818-இல் சிறைக் கைதிகளுக்காக வடிவமைத்தார். கைதிகள் நாள்தோறும் பல மணி நேரம் அதில் ஏறினர். ஏறியும் எங்கும் போய்ச் சேரவில்லை. ஆஸ்கார் வைல்டும் 1895-இல் அதை மிதித்தார். கொடுமை எனக் கருதப்பட்டு அத்தண்டனை 1898-ஆம் ஆண்டுச் சிறைச் சட்டத்தை அடுத்து மறைந்தது. பின்னர் 1952-இல் அமெரிக்காவில் ராபர்ட் புரூஸ் என்னும் மருத்துவரும் வெய்ன் குவின்டன் என்பவரும் இதய நோயைக் கண்டறிய ஓடும் பட்டையைப் பயன்படுத்தினர். 1960-களின் இறுதியில் வில்லியம் ஸ்டாப் என்னும் பொறியாளர் அதை வீட்டுக்கு உரியதாக்கினார். சிறையிலிருந்து மருத்துவமனைக்கும், மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கும் இக்கருவி வந்த வரிசை நோக்கத்தக்கது.

இக்கருவிக்குக் கலைச்சொல் ஆக்குவோர் இட்ட பெயர்களுள் 'ஓடுபொறி' என்பது இலக்கணச் செறிவு மிக்கது. ஊறுகாய் போல இதுவும் வினைத்தொகை. அதாவது ஓடிய பொறி, ஓடுகின்ற பொறி, ஓடும் பொறி என முக்காலமும் அதனுள் கரந்து நிற்கும். அருப்புக்கோட்டை இல்லங்களில் இம்முக்காலமும் ஒத்த வழக்குடையன அல்ல. இறந்தகாலம் பெட்டி பிரித்த நாளிலிருந்து ஏறத்தாழ மூன்று வாரம் செல்லும். நிகழ்காலத்துக்குச் சான்று கிடைப்பது அரிது. எதிர்காலமோ பெருவழக்கு, 'தை பிறந்ததும் ஓடும்', 'பிள்ளைக்குப் பரீட்சை முடிந்ததும் ஓடும்', 'இந்த மழை விட்டதும் ஓடும்' என அது பல்கிப் பெருகும். மூன்றாம் தொடர் வானம் பார்த்த இக்கரிசல் பூமியில் எந்த ஆண்டு சொல்லப்பட்டது எனத் துணிவதற்கு இல்லாமையால் இடைச்செருகல் எனக் கொள்வாரும் உளர். ஊறுகாயாவது காலப்போக்கில் ஊறும் என்று மறுப்பாரும் உளர்.

பொறியின் தோற்றம் பற்றித் திருச்சுழி மரபினர் கொண்ட கருத்து வேறு. வெள்ளத்தை இறைவன் சுழித்துப் பூமிக்குள் இறக்கிய தலம் ஆதலின் இவ்வூர் சுழி எனப்பட்டது என்பது தலபுராணம். புறப்பட்ட இடத்துக்கே பட்டை மீண்டும் வந்து சேர்வதும் சுழியே ஆகலானும், குண்டாறு பெரும்பாலும் நீரின்றி நடப்பதற்கு ஏற்ற பட்டையாகவே கிடத்தலானும், ஓடுபொறி இங்கிருந்தே இங்கிலாந்து சென்றது என்பது அவர் துணிபு. இதற்குச் சான்று யாது எனின், தேநீர்க் கடைப் பெஞ்சின் கிழக்கு ஓரத்தில் காலை ஆறரைக்குச் சொல்லப்பட்டு, அதே பெஞ்சின் மேற்கு ஓரத்தில் ஏழு மணிக்கு மேற்கோளாக எடுத்தாளப்பட்டு, ஏழரைக்குக் கிழக்கு ஓரத்துக்கே ஆதாரமாகத் திரும்பி வந்த செய்தி என்க. இம்முறை பல்கலைக்கழகங்களிலும் வழங்குவதே. அங்குப் பெஞ்சுகளுக்கு இடையே தொலைவு மிகுதி, அவ்வளவே. 1879-இல் திருச்சுழியில் பிறந்த ரமணர் இளமையில் மல்யுத்தமும் கால்பந்தும் பயின்றவர் எனினும், எவ்வித மின் இணைப்பும் இன்றித் திருவண்ணாமலையை ஏறத்தாழ 14 கிலோமீட்டர் சுற்றி நடந்தமையால் இவ்வாய்வுக்குப் பயன்படார்.

தேர்வு முறைக்கு வருவோம். விற்போர் முதலில் சொல்வது மோட்டாரின் குதிரைத்திறன். ஒரு குதிரைத்திறன் 746 வாட். பெட்டியின்மேல் பெரிய எழுத்தில் இருப்பது நொடிப்பொழுது எட்டக்கூடிய உச்சத் திறன். தொடர்ந்து தரவல்ல திறன் சிறிய எழுத்தில் இருக்கும், இல்லாமலும் இருக்கும். பட்டையின் நீளம், தாங்கும் எடை, பட்டைக்கு அடியில் விடவேண்டிய சிலிக்கான் எண்ணெய், கரிசல் புழுதி புகாமல் மூடும் துணி ஆகியனவும் நோக்கத்தக்கன என நூல்கள் கூறும். இவை யாவும் ஓடுவோர்க்கு உரியன ஆதலின் விரிவஞ்சி விடப்பட்டன.

இவ்வட்டாரத்தில் உண்மையில் நோக்கப்படுவது கைப்பிடியின் உயரமே. ஓடுபொறி என்பது கொடியின் ஒரு வகை என்பது இக்கட்டுரையின் கோள். கொடியாவது துணி காயப்போடும் கயிறு. இதை மறுப்போர், வீட்டுக்குள் துணி காயவைக்கும் தேவை மழை மிகுந்த ஊர்களுக்கே உரியது என்றும், சித்திரை வெயிலில் மொட்டைமாடியில் போட்ட துண்டு படியிறங்குவதற்குள் காய்ந்துவிடும் அருப்புக்கோட்டையில் அதற்கு இடமில்லை என்றும் வாதிடுவர். வலிமையான தடைதான். ஆயினும் அவர்கள் மாடிப்படி ஏறுவது ஓர் உடற்பயிற்சி என்பதை மறந்தனர். ஓடுபொறி வாங்கியவர் படி ஏறமாட்டார் என்க.

அளவுகளும் இதற்குத் துணை நிற்கும். ஐந்தரை மீட்டர்ச் சேலையை நீளவாட்டில் இரண்டாக மடித்து, ஏறத்தாழ ஒன்றேகால் மீட்டர் உயரமுள்ள முன்கைப்பிடியில் நடுவாகப் போட்டால், பக்கத்துக்கு 1.375 மீட்டர் தொங்கி, நுனி பட்டையின்மேல் புரளும். நாலு முழ வேட்டியோ மடிக்காமல் போட்டாலும் தரை தொடாது. இதனால் இக்கருவி ஆடவர் உடைக்கென அமைந்தது என்பர் தெற்குத் தெருவார். நெசவூரின் பெருமையை இழிப்பது இக்கூற்று என்பர் வடக்குத் தெருவார். சேலையை இன்னொரு மடிப்பு மடித்தால் தீர்ந்தது என்றார் அளவெடுத்த வீட்டுப் பாட்டி. அவர் ஆய்வேடு எதுவும் அளிக்காதவராதலின் அக்கருத்து ஏற்கப்படவில்லை. பக்கக் கைப்பிடிகள் இரண்டும் துண்டு, உள்பாவாடை, பள்ளிச் சீருடை ஆகியவற்றுக்கு உரியன. இடப்பக்கத்துக் கைப்பிடியின் முனை கருத்தரங்குப் பைக்கு உரியது. அப்பை, கரிசல் வட்டார உடலுழைப்பைக் கள ஆய்வு செய்ய வந்து, வெயிலைக் கண்டு, விடுதி அறையிலேயே களத்தை முடித்துக்கொண்டு, பயணப்படி பெற்றுச் சென்ற அறிஞர் ஒருவர் விட்டுச் சென்றதாகலாம்.

மூலச் சான்றுகளுள் தலையாயது தவணை அட்டை. ஓடுபொறியோடு வந்த அவ்வட்டையின் பதினோராம் கட்டத்தில், மஞ்சள் கறைக்கும் பல்லிமுட்டைக்கும் இடையே, 'துணி' என ஒரு சொல் காணப்படுகிறது. அது 'துணிக்கடைப் பாக்கி' என்பதன் சிதைவு எனச் சிலரும், 'துணிந்து வாங்கியது' என்பதன் கடைக்குறை எனச் சிலரும், கொடிக் கொள்கைக்கு நேர்ச்சான்று என எஞ்சியோரும் கொள்வர். கருவி வந்த அட்டைப்பெட்டியிலும் மேல்நோக்கிய அம்புக்குறி ஒன்று உண்டு. துணியை மேலே போடுக என்பது அதன் பொருள். ஒரு பிரதியில் அம்பு கீழ்நோக்கி இருப்பது பாடபேதம் எனப் பல பக்கங்களில் விளக்கப்பட்டது, பின்னர் அப்பெட்டி தலைகீழாகக் கிடந்தது தெரிந்தது, விளக்கம் நீக்கப்படவில்லை.

பொறியை ஓட்டிப் பார்த்தால் இவ்வழக்குத் தீருமே எனின், தீரும். ஆயினும் ஓடுவோர் தவறி விழுந்தால் பட்டை உடனே நிற்பதற்கெனச் சட்டையில் மாட்டிக்கொள்ளும் கயிற்றோடு கூடிய சிவப்புச் சாவி ஒன்று கருவியின் முகப்பில் செருகப்பட வேண்டும். அஃது இன்றிக் கருவி ஓடாது. அச்சாவி கடைசியாகச் சின்னவன் கையில் பம்பரக் கயிறாக இருந்ததைப் பாட்டி பார்த்திருக்கிறார். பொங்கலுக்கு வெள்ளையடிக்கும்போது பீரோவை நகர்த்துவதாக முடிவாகியிருப்பதால், இவ்வாய்வின் இரண்டாம் பகுதி அதன்பின் வெளிவரும்.